அக்காவைக் கேளுங்க: குப்பைக் கிடங்கைச் சுத்தி ஒரு காடு

போன இதழ்ல நம்ம தென்னாப்பிரிக்காவுல, டர்பனுக்கு வடக்க இருக்கற வெருலம் பக்கத்து மரக்காட்டைப் பத்தி சும்மா நாலு வரி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதம், வாட்ஸாப், வாய்ஸ் நோட் எல்லாத்தையும் சேத்துப் பாத்தா இந்த மாசம் வேற எதுக்கும் எடம் இல்ல. ஊறுகாய் ஏன் பூஞ்சை பிடிக்குதுன்னு கேட்டவங்களுக்கு அடுத்த மாசம் கண்டிப்பா பதில் சொல்றேன், மன்னிச்சுக்கங்க. இந்த மாசம் முழுக்க மண்ணு, மரம், தண்ணி.

கேள்வி: அக்கா, நாங்க வெருலம்ல மூணு தலைமுறையா இருக்கோம். பஃபல்ஸ்ட்ராய் குப்பைக் கிடங்கு பக்கம் நான் சின்னப்புள்ளையா இருந்தப்ப எங்க பாத்தாலும் கரும்புதான், இப்ப போனா சரிவு முழுக்க மரமா நிக்குது. தானா வந்துச்சா, கவர்மென்ட் நட்டுச்சா?
– வாசகி, வெருலம்

பதில்: தானா வரலம்மா, கவர்மென்ட் மட்டும் நட்டதும் இல்ல. குப்பைக் கிடங்கு வச்சா அதைச் சுத்தி வீடு வாசல் இல்லாம கொஞ்சம் நிலம் சும்மா விடணும், நீங்க பாத்த கரும்பு அந்த நிலத்துலதான் இருந்துச்சு. 2010ல இங்க ஃபுட்பால் உலகக் கோப்பை நடந்துச்சுல்ல, அதுக்கு ப்ளேன், பஸ், ஸ்டேடியத்துக்கு கரண்ட்டுன்னு எவ்ளோ புகை போகும், அதுக்கு ஈடா நம்ம பங்குக்கு ஏதாவது செய்யணும்னு டர்பனைப் பாத்துக்கற எதெக்வினி முனிசிபாலிட்டி யோசிச்சு 2008ல அந்தக் கரும்பு நிலத்துல பழைய காட்டைத் திரும்பக் கொண்டு வர ஆரம்பிச்சாங்க. வைல்ட்லேண்ட்ஸ்னு ஒரு டிரஸ்ட் கூட நின்னுச்சு.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச விசயம் கன்னு எங்க இருந்து வந்துச்சுங்கறதுதான். பெரிய நர்சரில லாரி லாரியா வாங்கல. பக்கத்துல இருக்கற பஃபல்ஸ்ட்ராய், ஒசின்டிஸ்வேனி கிராமத்து ஜனங்ககிட்ட, முக்கால்வாசி வேலை இல்லாதவங்க, நீங்களே நம்ம ஊர் மரத்து விதையைப் பொறுக்கி வீட்டு முத்தத்துலயே வளருங்க, இவ்ளோ ஒசரம் வந்ததும் நாங்க எடுத்துக்கறோம், அதுக்கு பதிலா மளிகை சாமான், பள்ளிக்கூட ஃபீஸ், சைக்கிள், வீடு கட்டற சாமான்னு எது வேணுமோ வாங்கிக்கங்கன்னு சொன்னாங்க. அப்படி வளத்தவங்களுக்கு ட்ரீப்ரனர்னு பேரு. நான் போனப்ப ஒரு கோகோ, ஜூலுல பாட்டின்னு அர்த்தம், அறுபது வயசுக்கு மேல இருக்கும், கோழி கொத்தாம இருக்க பழைய கட்டில் கம்பியை வேலியா வச்சு, வெட்டின கூல்ட்ரிங் பாட்டில்ல வரிசை வரிசையா கன்னு வச்சிருந்தாங்க. பேத்தியோட ஸ்கூல் யூனிஃபார்ம் இதுல வந்துச்சுன்னு தொட்டுத் தொட்டுக் காட்டினாங்க. அப்படி வந்த கன்னுங்கதான் அம்மா அந்தச் சரிவுல நிக்குது, அஞ்சு லட்சத்துக்கும் மேல.

எனக்கு அங்க நின்னப்ப தொண்டை அடைச்சுது, ஏன்னு சொல்றேன். 1860 நவம்பர்ல தோட்டக் கூலிக்கு நம்ம ஜனங்களை ஏத்திக்கிட்டு ட்ரூரோ கப்பல் மதராஸ்ல இருந்து வந்து நின்னதுல இருந்து இந்தக் கரையோரக் காட்டை வெட்டி கரும்பு போட்ட கை நம்மளோடது. யாரும் ஆசைப்பட்டு வெட்டல, கொண்டிராக்ட்ல கையெழுத்து போட்டவங்களுக்கு வேற வழி இல்ல, நெலமும் அவங்களோடது இல்ல, லாபமும் அவங்களுக்கு வரல. எங்க தாத்தாவோட அப்பா அந்தப் பக்கத்து எஸ்டேட்லதான் கரும்பு வெட்டினவர். அந்த மண்ணுல மறுபடி மரம் நிக்கறதைப் பாக்க அவருக்குக் கொடுத்து வைக்கல.

கேள்வி: ஆப்பிரிக்காவுல மரம் நடுறது எல்லாம் ஃபோட்டோவுக்குத்தான், ஒரே வருசத்துல காஞ்சு போயிரும்னு எங்க வீட்டுக்காரர் அடிச்சு சொல்றார். சஹாரா ஓரமா பெரிய பச்சைச் சுவர் வருதுன்னு டீவில காட்டினாங்களே, அது என்னாச்சு அக்கா?
– வாசகி, செட்ஸ்வொர்த்

பதில்: அவர் சொல்றதுல பாதி நிஜம்மா, அதை முதல்ல ஒத்துக்கறேன். சில வருசம் முன்னாடி நாங்க ஒரு குழுவா சேர்ந்து ஆர்பர் வீக்ல, அதாவது வருசா வருசம் மரம் நடற வாரத்துல, எரநூறு கன்னு நட்டோம், எல்லாருக்கும் டீ-ஷர்ட், பேனர், பாயாசம் எல்லாம் இருந்துச்சு. அடுத்த வருசம் போய் எண்ணினா பதினொண்ணு. தண்ணி ஊத்தறது யாருன்னு நாங்க யாருமே பேசவே இல்ல, அந்த நிலத்துக்குப் பக்கத்துல குடியிருந்தவங்களை ஒரு வார்த்தை கேக்கவும் இல்ல. அந்த எரநூறு கன்னு இன்னும் என் மனசுல கெடக்கு.

பச்சைச் சுவரும் மொதல்ல அப்படித்தான் ஆச்சு. 2007ல ஆப்பிரிக்க யூனியன் ஆரம்பிச்சது, செனகல்ல இருந்து ஜிபூட்டி வரைக்கும் 8,000 கிலோமீட்டர், 2030க்குள்ள 10 கோடி ஹெக்டேர் நிலத்தைத் தேத்தணும்னு கணக்கு. வரிசையா மரம் நட்டு பாலைவனத்தைத் தடுத்துரலாம்னு நெனச்சாங்க, ஆளே இல்லாத எடத்துல நட்டா யார் பாப்பா, நெறைய காஞ்சுது. இப்ப சுவருங்கற நெனப்பை விட்டுட்டு கிராமம் கிராமமா அவங்கவங்க நிலத்தை அவங்கவங்களே தேத்தறதுன்னு மாத்திட்டாங்க, ஆனா இலக்குக்கு இன்னும் ரொம்ப தூரம்.

இப்ப உங்க வீட்டுக்காரர் சொல்லாத பாதி. நைஜர்னு ஒரு நாடு, நைஜீரியாவுக்கு மேல, உலகத்துலயே ரொம்ப ஏழை நாடுங்கள்ல ஒண்ணு. அங்க மராடி பக்கம் டோனி ரினாடோன்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரர் வருசக்கணக்கா கன்னு நட்டு நட்டு எல்லாம் செத்து வெறுத்துப் போயிருந்தார். 1983ல ஒரு நாள் வண்டியை நிறுத்தி ரோட்டோரம் இருந்த ஒரு புதரைக் கிட்ட போய்ப் பாத்தா அது புதரே இல்ல, வெட்டின மரத்தோட அடிக்கட்டைல இருந்து துளுத்த துளிர். வேரு உயிரோட கீழயே இருக்கு, வருசா வருசம் விதைக்கறப்ப ஜனங்க அதை வெட்டிடறாங்க, ஆடு மேயுது, அவ்ளோதான். நம்ம வீட்டு முருங்கையை வெட்டினா என்ன ஆகுது, அதே கதைதான். துளிர்ல நல்லதா ரெண்டு மூணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தைக் கழிச்சா போதும், நர்சரி வேண்டாம், தண்ணி வேண்டாம், காசு வேண்டாம்.

ஆனா அதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருந்துச்சு. ஃப்ரெஞ்சுக்காரன் காலத்துச் சட்டப்படி மரம் எல்லாம் சர்க்காருக்குச் சொந்தம், தன் வயல்ல நிக்கற மரத்துல ஒரு கிளை வெட்டினாலும் ஃபாரஸ்ட் ஆளு வந்து ஃபைன் போடுவான். அப்புறம் எந்த விவசாயி மரத்தை வளர விடுவான், சின்னதுலயே புடுங்கிப் போட்டுருவான். அந்தக் கெடுபிடி தளந்து, உன் வயல்ல நீ வளத்த மரம் உன்னோடதுன்னு ஆனப்புறம்தான் விசயமே மாறிச்சு. பக்கத்து வயலைப் பாத்து பக்கத்து வயல், ஊரைப் பாத்து ஊர்னு பரவி சுமார் 50 லட்சம் ஹெக்டேர், 20 கோடி மரம்னு கணக்கு சொல்றாங்க, முக்காலும் யாரும் நடாமலே வந்தது. அதுல காவோன்னு ஒரு மரம், நம்ம வேலமரத்துக்கு ஒண்ணுவிட்ட சொந்தம், மழைக்காலத்துல எலையை உதுத்துட்டு மொட்டையா நிக்கும், அதனால கீழ கம்பு சோளத்துக்கு வெயில் நல்லா கெடைக்கும், கோடைல எலை விட்டு மாட்டுக்கு நெழல் தரும், காய் தீனியாகும், மண்ணுக்கும் உரம்.

புர்கினா ஃபாசோவுல யகூபா சவடோகோன்னு ஒரு பெரியவர், பள்ளிக்கூடப் படிப்பு இல்ல. 1980கள்ல பஞ்சத்துல எல்லாரும் ஊரை விட்டுப் போனப்ப இவர் மட்டும் கல்லு மாதிரி எறுகின தரைல கோடைலயே குழி தோண்டி, ஜாய்னு அவங்க பாட்டன் காலத்து முறைதான், அதையே கொஞ்சம் பெருசாத் தோண்டி உள்ள சாணி, எலைதழை எல்லாம் போட்டு வச்சார். அதைத் திங்க கரையான் வரும், கரையான் துளை போடும், மழை பேஞ்சா தண்ணி அந்தத் துளை வழியா அடி வரைக்கும் எறங்கும். பைத்தியம்னு சொன்னாங்க, அவர் வளத்த மரத்துக்குத் தீ கூட வச்சாங்க. சோளம் வெளைஞ்சதும் அதே ஜனங்க கத்துக்க வந்தாங்க. சோளக் குழிலயே மர விதையும் மொளைச்சு பெரிய காடே ஆயிருச்சு. 2018ல ரைட் லைவ்லிஹுட் அவார்ட் அவருக்கும் வந்துச்சு, அந்த டோனி ரினாடோவுக்கும் அதே வருசம்தான். இவ்ளோ ஆனப்புறமும் பக்கத்து டவுன் பெருசாகி வந்து அவர் காட்டுல ஒரு பகுதியை வீட்டு மனையா அளந்துட்டாங்க, கையில பத்திரம் இல்லன்னா எவ்ளோ பெரிய ஆளுக்கும் அதுதான் கதி. 2023ல காலமாயிட்டார். உங்க வீட்டுக்காரர்கிட்ட இதைப் படிச்சுக் காட்டுங்க, என்ன சொன்னார்னு எனக்கு எழுதுங்க.

கேள்வி: எங்க வீட்டு சிரிங்கா மரம் ஆயா காலத்துல இருந்து இருக்கு, ஆடி மாசம் கூழ் ஊத்தறப்ப அம்மனுக்கு அந்த எலைதான். இது வெளிநாட்டு மரம், வெட்டணும்னு காலேஜ் போற என் மக சொல்றா. வெட்டலாமா அக்கா, பயமா இருக்கு.
– வாசகி, டொங்காட்

பதில்: பயப்படாதீங்கம்மா. உங்க மக சொல்றதும் சரி. நம்ம முன்னோருங்க இங்க வந்தப்ப வேப்பமரம் கைக்கு எட்டல, அதே குடும்பத்து மரம், பாக்க வேப்பிலை மாதிரியே இருக்கு, மலைவேம்புன்னு ஊர்ல சொல்வாங்களே அந்த ஜாதி, அதனால அம்மை போட்டா இதைத்தான் வாசல்ல சொருகினாங்க, அம்மனும் ஏத்துக்கிட்டா. நூத்தம்பது வருச பக்தி அந்த எலைல இருக்கு, அதை நான் சின்னதா நெனைக்க மாட்டேன். ஆனா பழத்தைக் குருவி தின்னு போட்டு ஆத்தங்கரை பூரா மொளைச்சு உள்ளூர் மரத்தை நெருக்கிடுது, அதனால சட்டத்துலயே ஆக்கிரமிப்பு மரம்னு லிஸ்ட்ல இருக்கு. டவுனுக்குள்ள ஏற்கனவே நிக்கற மரத்தை வச்சுக்கலாம், புதுசா நடவோ விக்கவோ கூடாது, ஆத்தோரமா இருந்தா மட்டும் எடுத்துடணும். உங்க மரம் முத்தத்துல இருந்தா இருக்கட்டும், பழம் பழுக்கறதுக்கு முன்னாடி கொத்து கொத்தா ஒடிச்சு கட்டிப் போட்டுருங்க, கீழ மொளைக்கற கன்னைப் புடுங்கிருங்க. உங்க மக கேட்டதுக்கு கோவப்படாதீங்க, அவளையே கூட்டிட்டு ஆத்துப் பக்கம் போய் அங்க மொளைச்சு நிக்கறதை எல்லாம் புடுங்க விடுங்க.

கேள்வி: பூஜை முடிஞ்சதும் தட்டோட ஆத்துல விடலாமா, கூடாதா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: பூ, பழம், வெத்தலை மட்டும் விடுங்கய்யா. பாலித்தீன், துணி, கண்ணாடி வளையல், சாமி படத்து ஃப்ரேம் வேண்டவே வேண்டாம். 2022 ஏப்ரல்ல இங்க வெள்ளம் வந்து 400 பேருக்கு மேல போனாங்களே, குப்பையும் புதரும் அடைச்சுக்கிட்டா பாலத்துக்கு அடில தண்ணி போக வழி இல்லாம வீட்டுக்குள்ள ஏறுது. சிஹ்லான்சிம்வேலோன்னு ஒரு திட்டத்துல ஓடைக்குப் பக்கத்துல குடியிருக்கறவங்களே கூட்டுறவா சேர்ந்து கூலிக்கு ஓடையைச் சுத்தம் பண்றாங்க, நாம விட்ட தட்டையும் அவங்கதான் குனிஞ்சு எடுக்கறாங்க.

கேள்வி: கார்பன் காசு, கார்பன் காசுன்னு சொல்றாங்களே, பணக்காரன் புகை விட்டுட்டு ஏழைகிட்ட மரம் வளக்கச் சொல்றது ஏமாத்து வேலை இல்லையா?
– வாசகர், லெனேசியா

பதில்: கார்பன் காசுன்னா, மரம் உள்ள இழுத்து வச்சுக்கற புகைக்கு ஈடா புகை விடறவங்க தர்ற காசு. நீங்க கேக்கறது நியாயமான கேள்வி, நெறைய எடத்துல ஏமாத்தும் நடக்குது. பெரிய கம்பெனி புகையைக் கொறைக்காம மரத்தைக் காட்டித் தப்பிக்கறதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனா கென்யாவுல காசி விரிகுடான்னு ஒரு எடம், நம்ம காசி இல்ல, கடலோரம் மீன்பிடிக்கற ஊரு. பிச்சாவரம் போனவங்களுக்கு அலையாத்திக் காடு தெரியும், அதே மாதிரி சேத்துல வேரு ஊணி நிக்கற காடு. மரத்துக்காக வெட்டி வெட்டி கரைஞ்சு போச்சு. 2013ல இருந்து மிக்கோக்கோ பமோஜான்னு, சுவாஹிலில மாங்குரோவ் ஒண்ணா சேர்ந்துன்னு அர்த்தம், ரெண்டு கிராமம் சேர்ந்து 117 ஹெக்டேர் காட்டைக் காக்கறாங்க, அந்த கார்பன் காசு கிராமத்துக்கே வருது, அதுல என்ன செய்யணும்னு ஊர்க்கூட்டம் போட்டு முடிவு பண்றாங்க. குடிதண்ணி வந்துச்சு, பள்ளிக்கூடத்துக்குப் போச்சு. அதனால எந்தத் திட்டம்னாலும் நான் கேக்கற கேள்வி இதுதான், காசு யார் கைக்குப் போகுது, கணக்கு யார் பாக்கறாங்க. அந்த ரெண்டுக்கும் கிராமத்துல இருக்கற ஒரு பொம்பளை பதில் சொல்ல முடிஞ்சா நம்புவேன், ஆபீஸ்ல இருக்கறவர் மட்டும்தான் பதில் சொல்வார்னா நம்ப மாட்டேன். அம்கேனி ஆறு கடல்ல சேர்ற எடத்துல நமக்கும் கொஞ்சம் அலையாத்தி மிச்சம் இருக்கு, பீச்வுட்ல, ஒரு தரம் போய்ப் பாருங்க.

கேள்வி: எங்க தெருவுல சாக்கடை மூடி பொங்கி ஓடைல கலக்குது, ஆபீஸுக்கு ஃபோன் போட்டு போட்டு அலுத்துட்டோம். நாங்க பத்துப் பதினஞ்சு பொம்பளைங்க இருக்கோம், நாங்களா ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: முடியும்மா, உங்களுக்கு மேல மலைப்பக்கமே செஞ்சு காட்டியிருக்காங்க. ஹோவிக் பக்கத்துல எம்போபொமேனி, அங்க சாக்கடை பொங்கினா நேரா மிட்மார் அணைக்கு வரும், நீங்களும் நானும் குடிக்கற தண்ணி அது. அங்க என்வைரோ சாம்ப்ஸ்னு அந்த ஊர்க்காரங்களே, பெரும்பாலும் வேலை இல்லாத சின்ன வயசுப் பொண்ணுங்க பையங்க, வீடு வீடா போறாங்க, எந்த மூடி என்னிக்குப் பொங்குச்சு, என்னிக்குச் சொன்னோம், என்னிக்குச் சரி பண்ணாங்கன்னு ஒவ்வொண்ணா எழுதி வைக்கறாங்க. ஒருத்தர் ஃபோன்ல கத்தினா ஃபோனை வச்சுருவாங்க, மாசக் கணக்கா தேதி போட்ட லிஸ்ட்டை நீட்டினா அப்படி வைக்க முடியாது. எண்ணெயையும் பாவாடைத் துணியையும் சாக்கடைல போடாதீங்கன்னு வீட்டு ஆளுங்களுக்கும் அவங்களே சொல்றாங்க. தண்ணில என்னென்ன பூச்சி இருக்குன்னு பாத்து ஆறு எப்படி இருக்குன்னு சொல்ற மினிசாஸ்னு ஒரு முறை இருக்கு, வலை, தட்டு, ஒரு படம் போட்ட தாள் போதும், பள்ளிக்கூடப் பிள்ளைங்க கூடச் செய்யறாங்க.

நீங்க ஒரு நோட்டு வாங்குங்க, ஆளுக்கு ஒரு தெரு பிரிச்சுக்கங்க. கென்யாவுல வங்காரி மாத்தாய்ங்கற அம்மா 1977ல கிரீன் பெல்ட்னு மரம் நடற இயக்கத்தை ஆரம்பிச்சப்ப அவங்க கூட இருந்ததும் உங்களை மாதிரி பொம்பளைங்கதான், வெறகுக்கும் தண்ணிக்கும் நடந்து நடந்து கால் தேஞ்சவங்க. படிக்காத பொம்பளைங்க எப்படி மரம் வளப்பாங்கன்னு ஃபாரஸ்ட் படிச்சவங்க கேட்டாங்க. கன்னு நட்டதுக்கு இல்லாம, நட்ட கன்னு பொழைச்சு நின்னாத்தான் அவங்களுக்கு ஒரு சின்னக் காசு, அந்த ஒரு ஏற்பாட்டுலயே எல்லாம் அடங்கிப் போச்சு பாருங்க. 5 கோடிக்கு மேல மரம் ஆச்சு, 2004ல நோபல் சமாதானப் பரிசு வந்துச்சு. எங்க எரநூறு கன்னுக்கு அப்படி ஒரு ஏற்பாடு பண்ணியிருந்தா!

கேள்வி: மெட்ரிக் முடிச்சு ரெண்டு வருசமா சும்மா இருக்கேன் அக்கா. இந்த மாதிரி வேலைல சம்பளம் உண்டா?
– தம்பி, ஸ்டேஞ்சர்

பதில்: உண்டு தம்பி, ஆனா நிரந்தரம்னு நெனச்சுப் போகாத. 1995ல வொர்க்கிங் ஃபார் வாட்டர்னு ஒண்ணு ஆரம்பிச்சது, அதை ஆரம்பிச்ச தண்ணி மந்திரி காதர் அஸ்மால் உங்க ஸ்டேஞ்சர்லயே பொறந்தவர். வாட்டில், நீலகிரில சீகைன்னு சொல்ற மரம், தோல் பதப்படுத்த பட்டைக்காகக் கொண்டு வந்து வச்சது மலை பூரா பரவி ஓடைத் தண்ணியை உறிஞ்சுது, அதையும் உண்ணிச்செடியையும் வெட்டி எடுக்க வேலை இல்லாத கிராமத்து ஜனங்களைக் கூலிக்கு வச்சாங்க, தண்ணிக்குத் தண்ணியும் ஆச்சு சாப்பாட்டுக்குச் சாப்பாடும் ஆச்சு. கொறை என்னன்னா கொண்டிராக்ட் முடிஞ்சா வேலை நின்னுரும், அப்ப மரமும் திரும்ப வந்துரும், வாட்டில் விதை மண்ணுக்குள்ள வருசக்கணக்கா கெடந்து தீ பட்டதும் மொளைக்கும். ஒரு எடத்தை வெட்டினா அஞ்சாறு வருசம் திரும்பத் திரும்பப் போகணும், அதுக்குக் காசு ஒதுக்காத சர்க்கார் மேல எனக்குக் கோவம் உண்டு. நீ செயின்சாவும் மருந்து அடிக்கறதும் சர்ட்டிஃபிகேட்டோட கத்துக்க, ஃபார்ம்ல எப்பவும் ஆள் தேடறாங்க.

கேள்வி: பேரனுக்கு அடுத்த மாசம் முதல் பொறந்தநாள். முத்தத்துல எந்த மரம் வைக்கலாம்?
– தாத்தா, மெரிபேங்க்

பதில்: எடம் இருந்தா உம்டோனி வைங்க ஐயா, இந்த மண்ணோட மரம், நம்ம நாவலுக்குத் தங்கச்சி, பழமும் அதே நெறம், தின்னா பேரன் நாக்கு ஊதாவாகும். ஈரமான எடம் புடிக்கும். விதையைக் காய விடாதீங்க, பழத்தைத் தின்ன கையோட மண்ணுல போடுங்க, காஞ்சா மொளைக்காது. எடம் கொஞ்சம் வறண்டா இருந்தா உம்சின்சி, நம்ம கல்யாண முருங்கை ஜாதி, எலை வர்றதுக்கு முன்னாடியே செவப்பாப் பூத்துரும், தேன் குடிக்க குருவி வரும். கல்யாணப் பந்தல்ல கொம்பு நடுவோமே, அதே மாதிரி கை மொத்தத்துல ஒரு கொம்பை வெட்டி ரெண்டு நாள் நெழல்ல வச்சு ஊணினாலே போதும். ஜூலு ஜனங்க வேலிக்கு அப்படித்தான் வைக்கறாங்க. கன்னா வாங்கணும்னா மாலுக்குப் போகாம கிராமத்துல வளக்கற யார்கிட்டயாவது வாங்குங்க, பேரனையும் தூக்கிட்டுப் போங்க.